பெரலில் நிற்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

தீபாவளி நெருங்குகிறது. முற்பணம் எவ்வளவு, எப்போது கையில் கிடைக்கும், எத்தனை மாதத்தில் பிடித்து முடிப்பார்கள் என்பதுதான் இப்போது பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பேச்சு. அந்த விபரங்கள் உள்பக்கத்தில் இருக்கின்றன. தலையங்கத்துக்கு இம்முறை நுளம்பை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சங்கப் பத்திரிகைக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று தலைவர்மார் சிலர் கேட்கக்கூடும். லயத்துப் பின்பக்கத்தில் நிற்கும் ஒரு பெரல் தண்ணீருக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டி வந்தால், அது சங்கத்தின் விஷயம்தான்.

அப்படி ஒன்று எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றில் நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்தார். கடைசிக் காம்பராவின் பின்னால் இருந்த பெரலில் புழுவைக் கண்டார், எழுதிக்கொண்டு போனார். அவர்மீது பிழை சொல்ல ஒன்றுமில்லை, அது அவருடைய கடமை. ஆனால் அந்தப் பெரல் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்த லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிழமையில் இரண்டு நாள்தான் வருகிறது. வரும்போது பிடித்து வைக்காவிட்டால் மற்ற நாட்களில் பீலிக்கு இறங்கிப் போய்க் குடம் சுமக்க வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வராததற்கு யாருக்கும் தண்டம் இல்லை, வந்த தண்ணீரைச் சேர்த்து வைத்தவருக்குத் தண்டம். வழக்கு நாளன்று அவருக்கு ஒரு பேர் போனது. தண்டப் பணமும் கட்டினார். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தண்ணீர் தேங்கக்கூடிய தகரம், போத்தல், சிரட்டை, டயர் போன்றவற்றை அகற்றும் கடமையை வளவின் உரிமையாளர் அல்லது குடியிருப்பாளர் மீது வைக்கிறது. கொழும்பில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டு சொல்லும் ஒன்றுதான். லயத்தில் அப்படியில்லை. காணி அரசாங்கத்தினுடையது. 1992இலிருந்து நிர்வகிப்பது கம்பனி. குடியிருப்பது நாம், ஆனால் நம் கையில் உறுதி இல்லை. கூரைத் தகரம் ஒன்றை மாற்றவும், பின்பக்கத்தில் ஒரு குசினியை இழுத்துக் கட்டவும் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேட்கிறோம். பரிசோதகர் வரும் நாளில் மட்டும் வளவு முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது.

இந்த நியாயத்தைச் சங்கம் எந்த மேசையிலும் பேசும். அதற்காக நம் காம்பராவைச் சுற்றி நம் கையால் செய்யக்கூடியதைச் செய்யாமல் இருக்க முடியாது. கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்காகும். நுளம்புக்கு ஒரு கிழமை போதும்.

இந்தத் தவணையில் ஆறாம் தரப் பிள்ளைகளிடம், வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் இடங்களைப் பார்த்து, புழு இருந்தால் போத்தலில் எடுத்து வரச் சொன்னேன். வந்த போத்தல்களின் வாயைத் துணியால் கட்டி ஜன்னலோரம் வைத்தோம். நெளிந்துகொண்டிருந்த புழுக்கள் சில நாளில் தலை பெருத்து வளைந்த கூட்டுப்புழு ஆயின. அடுத்த கிழமை காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது, காலில் வெள்ளை வளையம் போட்ட நுளம்புகள் போத்தலுக்குள் பறந்துகொண்டிருந்தன. “டீச்சர், இது எங்கள் வீட்டு வாளியிலிருந்து வந்தது” என்று ஒரு பிள்ளை மெல்லிய குரலில் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்ததும் வாளி, பெரல், டயர், யோகட் கோப்பை, கோயிலுக்குப் பின்னால் கிடந்த பூச்சாடி ஆகியவற்றிலிருந்துதான்.

நாறும் கானில்தான் டெங்கு நுளம்பு இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கானில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு இனம், இரவில் காதோரம் பாடித் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்புக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. ஒரு யோகட் கோப்பை அளவு தண்ணீரே அதற்குப் போதும். அது கடிப்பதும் பகலில். விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதன் கடி அதிகம். நாம் பிரட்டுக்குப் போகும் நேரமும் பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. இரவில் வலை கட்டிப் படுத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பிள்ளைக்காம்பராவில் பகலில் தூங்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் வலை முதலில் வேண்டும். எத்தனை பிள்ளைக்காம்பராக்களில் தொட்டிலுக்கு வலை இருக்கிறது என்று மாதர் கமிட்டித் தோழிகள் பார்த்து எழுதுங்கள்.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்துபோய்ப் பல மாதம் கிடந்து, அடுத்த மழையில் தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே பெரலை வெறுமனே கவிழ்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்பக்கத்தைத் தேங்காய்த் தும்பு போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கிறது. கிழமைக்கு ஒருமுறை தேய்த்தால் எந்தப் புழுவும் இறக்கை முளைக்கும் வரை உயிரோடு இருக்காது.

தேய்த்து நிரப்பிய பெரலைப் பழைய சேலைத் துணியை இரண்டாக மடித்து மூடி, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். பலகையை மேலே வைத்தால் இடுக்கு இருக்கும், நுளம்புக்கு அந்த இடுக்குப் போதும். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலுள்ள சிமெந்துத் தொட்டியைக் கிழமைதோறும் இறைக்க முடியாதென்றால் கப்பி மீன் விடலாம், புழுவை அது தின்றுவிடும்.

அடுத்தது கூரை. காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்கப் பழைய டயரைத் தூக்கிப் போட்டிருக்கிறோம். யாரும் ஆசைக்குப் போடவில்லை, தகரத்துக்கு ஆணி பிடிக்க மரம் மிச்சமில்லை என்பதால் போட்டது. ஆனால் ஒவ்வொரு டயருக்குள்ளும் மழைத் தண்ணீர் நிற்கிறது, கீழேயிருந்து பார்த்தால் தெரிவதில்லை. டயரை இறக்கிவிட்டு மண் நிரப்பிய சாக்கையோ கல்லையோ வையுங்கள். டயர்தான் வேண்டுமென்றால் நாலைந்து இடத்தில் பெரிய துளை போட்டு, துளை கீழே பார்க்கும்படி வையுங்கள்.

பிறகு சில்லறைச் சாமான்கள். பின்பக்கப் பள்ளத்தில் எறிந்த யோகட் கோப்பை, உடைந்த வாளி, சொப்பிங் பேக், சிரட்டை, பிள்ளைகளின் உடைந்த விளையாட்டுச் சாமான். வெட்டிய மூங்கில் கட்டைக்குள் தண்ணீர் நின்றால் மண்ணைப் போட்டு அடைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர்கள் அதன் பின்னால் தண்ணீர் வடியும் தட்டையும் பாருங்கள், சமையலறைக்குள்ளேயே ஒரு குளம் இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு காம்பராவுக்கு அரை மணி நேரம் போதும். ஞாயிறு காலை நல்ல நேரம். ஆனால் அந்த அரை மணி நேரம் யாருடையது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு நாள் மலையேறிக் கொழுந்து பறித்து, வந்து தண்ணீர் சுமந்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனிக்கும் அதே பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமைத் தும்பையும் கொடுப்பதற்காகச் சங்கம் இதை எழுதவில்லை. கூரையில் ஏறி டயரை இறக்குவதும், பெரலைக் கவிழ்த்துத் தேய்ப்பதும் ஆண்களின் வேலையாக இருக்கட்டும். கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் காம்பராவிலிருந்து தொடங்குங்கள். தலைவரின் வீட்டுக் கூரையில் டயர் இருக்கும்வரை மற்றவர் இறக்கமாட்டார்.

கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களின் ரப்பர் தோட்டத் தோழர்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உங்கள் நுளம்பு லயத்தில் மட்டும் இல்லை, மலையிலும் இருக்கிறது. பால் பிடிக்கும் சிரட்டையும் கோப்பையும் மழை நாளில் தண்ணீர் பிடிக்கின்றன. பால் வெட்டு நின்ற நாட்களில் அவை நிமிர்ந்தபடியே மரத்தில் இருந்தால் ஒவ்வொரு மரமும் ஒரு நுளம்புத் தொட்டிதான். தொடர்ந்து வெட்டு இல்லையென்றால் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நடப்பதில்லை, ஏனென்றால் வெட்டு இல்லாத நாளில் மலைக்குப் போனால் பேர் இல்லை. நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சிரட்டையைக் கவிழ்ப்பதும் வேலைதான். அந்த வேலைக்குப் பேர் போட வேண்டும். கைவிடப்பட்ட மலைகளில் தொங்கும் பழைய கோப்பைகளைக் கழற்ற ஆள் போட வேண்டியதும் நிர்வாகமே.

இனி நிர்வாகத்தின் பங்குக்கு வருவோம். முதலாவது, முக்கியமானது, தண்ணீர். ஒவ்வொரு நாளும் குழாயில் தண்ணீர் வரும் லயத்தில் யாரும் நான்கு பெரல் வைத்திருப்பதில்லை. இடத்துக்கு எங்கே இடம்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருக்கிக்கொண்டுதான் படுக்கிறது. ஒழுங்கான தண்ணீர் விநியோகம்தான் தோட்டத்துக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய நுளம்பு மருந்து. மூடியில்லாத பொதுத் தாங்கிகளுக்கு மூடி போடுவதும் இதில் சேரும்.

இரண்டாவது, கூரைப் பீலி. சில லயங்களில் துருப்பிடித்து நடுவில் தொய்ந்து, சருகு அடைத்து, மழை விட்டு ஒரு கிழமை வரை தண்ணீர் நிற்கிறது. இது கட்டடத்தின் பகுதி. குடியிருப்பவரின் ஏணியாலும் விளக்குமாறாலும் தீராது, மாற்றித் தர வேண்டும்.

மூன்றாவது, வாசல்கூட்டிகள். லயத்துக் கானையும் வாசலையும் சுத்தம் செய்யத் தோட்டமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த காலத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று பல தோட்டங்களில் அந்த வேலையை இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆளை நிறுத்திய கையே இப்போது ‘லயத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்’ என்று பலகை எழுதி வைக்கிறது. அந்த வேலை திரும்ப வர வேண்டும், செக்ரோலில் பெயரோடு வர வேண்டும்.

குப்பை விஷயத்தில் நிர்வாகத்தை மட்டும் கேட்டுப் பயனில்லை, பிரதேச சபையையும் கேட்க வேண்டும். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நம்மை வெகுகாலம் திருப்பி அனுப்பினார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தது. நாமும் வாக்களித்துத்தான் உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பியிருக்கிறோம். குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் டவுனிலிருந்து பிரதான பாதை வரை வந்து திரும்புகிறது, லயத்துப் பாதையில் ஏறுவதில்லை. யோகட் கோப்பையைப் பள்ளத்தில் எறியாமல் சாக்கில் சேர்த்து வைக்கலாம்தான், ஆனால் அந்தச் சாக்கை எடுக்க ஒருவர் வர வேண்டுமே.

புகை அடிக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள் என்று சில தோட்டங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சங்கம் அந்தக் கோரிக்கையை முதலில் வைக்காது. புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும், தண்ணீரிலிருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் கழித்து அடுத்த கூட்டம் பறக்கும். டெங்கு நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட லயத்தில் சுகாதாரப் பகுதியினர் வந்து அடிப்பது வேறு, அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் துரை இயந்திரத்தை வரவழைத்துப் பெரிய சத்தத்தோடு புகை அடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பீலியையும் குழாயையும் மறந்துவிடுவதற்கு நாமே வழி செய்து கொடுக்க வேண்டாம். நுளம்புச் சுருளும் அப்படித்தான். விறகுப் புகை ஏற்கனவே நிறைந்த காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு அதையும் கொளுத்தினால் பிள்ளைகளுக்கு இருமல்தான் மிச்சம்.

இந்த நாட்டில் நுளம்பை வெல்ல முடியாது என்று சொல்வோருக்கு மலேரியாவின் கதையைச் சொல்லுங்கள். 1934–35 கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள், கேகாலைப் பக்கம் ஊர் ஊராகப் படுத்துவிட்டது. அப்போது சூரியமல் இயக்கத்து இடதுசாரித் தோழர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார்கள், 1936இல் என்.எம். பெரேரா ருவன்வெல்லையில் வென்றதற்கு அந்த வேலையும் ஒரு காரணம். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்து, மருந்து அடித்து, விடாமல் கணக்கு வைத்ததால் நடந்தது அது. டெங்கு கடினமானது, உண்மைதான். 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

மேட்டுநிலத் தோட்டங்களில், குளிருக்கு இங்கே டெங்கு வராது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. மேலே போகப் போகக் குறைவு என்பது சரி, இல்லை என்பது சரியல்ல. அதைவிட, காய்ச்சல் பஸ்ஸில் ஏறியும் வரும். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வீட்டிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வருவார்கள். கிருமியோடு வரும் ஒருவரை லயத்து நுளம்பு கடித்தால், அதன் பிறகு வரிசையிலுள்ள ஒவ்வொரு காம்பராவுக்கும் அந்த நுளம்பே கொண்டுபோய்க் கொடுக்கும். ஐப்பசி மழையும் அதே நேரம். அதனால்தான் முற்பணம் பேசும் மாதத்தில் இதை எழுதுகிறோம். வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் வைத்தியர் சொன்ன அளவில். அஸ்பிரின், டிஸ்பிரின், புரூபன் எதுவும் வேண்டாம், டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கடையில் ‘மேல்வலி மாத்திரை’ என்று பெயர் தெரியாமல் வாங்கவே வாங்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காமல் கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு கொடுங்கள். சிவப்பு நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுத் தாய் மலைக்குப் போவாள். இரண்டு மூன்று பேர் ஏற்கனவே போயிருக்கும், இன்றும் போனால் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பது அந்த நாளில்தான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, மயக்கம், பல்லீறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் நேரே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரவென்றாலும் வாகனம் கேளுங்கள். கேட்ட நேரம், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை எழுதி வையுங்கள். காய்ச்சல் பிள்ளையுடன் வீட்டில் நிற்கும் தாயின் பெயரைக் கொழுந்துக் கணக்கில் குறைத்துப் பேசும் கங்காணிகளுக்கும் கணக்கப்பிள்ளைகளுக்கும் கமிட்டி இதை முன்கூட்டியே விளங்கப்படுத்தி வைக்க வேண்டும்.

கமிட்டிகள் செய்ய வேண்டியது இது. ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம் செய்து முடிந்ததும் லயம் லயமாக நடந்து பாருங்கள். நம் கையால் தீராதது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்: எந்த லயத்துக்குக் கிழமையில் எத்தனை நாள் தண்ணீர், எந்தக் காம்பராவுக்கு மேல் பீலி தொய்ந்திருக்கிறது, எந்தத் தாங்கிக்கு மூடியில்லை, எந்த மலையில் பழைய கோப்பைகள் தொங்குகின்றன. லயத்து இலக்கமும் திகதியும் இருக்க வேண்டும். மூன்று பிரதி எடுங்கள். ஒன்றைத் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக் கமிட்டியில் வையுங்கள். கையொப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். மூன்றாவது பிரதி நம் கிளைக் காரியாலயத்துக்கு. பரிசோதகர் வரும்போது தலைவரோ மாதர் தலைவியோ கூடப் போய், கையொப்பமிட்ட பிரதியைக் காட்டி, உரிமையாளர் பக்கத்துக் குறைகளையும் அவருடைய அறிக்கையில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். யாருக்காவது வழக்குத் தாக்கலானால் அழைப்பாணை வந்த அன்றே அதைக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். தண்டத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னால் நாம் செய்யக்கூடியது குறைவு. பட்டியல்கள் தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும்.